ஹெலிகாப்டர் சத்தத்தை யார் கேட்கிறார்கள்?

முதல் இரண்டு வாரம் என்னால் அந்த ஹெலிகாப்டரைத் தரையிலிருந்து ஒழுங்காகக் கிளப்பவே முடியவில்லை. இடது கையில் இருக்கும் கலெக்டிவ் நெம்புகோலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும், மூக்கு வலப்பக்கம் திரும்பத் தொடங்கும். இடது பெடலை மிதிப்பேன். நிற்கும். உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். மூன்றாவது நொடியில் மண்ணில் கவிழ்ந்து, இறக்கை உடைந்து, சத்தம் அடங்கிவிடும். ‘என்னடா இது, ஒரு கேமுக்கு இவ்வளவு திமிரா’ என்று தோன்றும். மறுபடி கிளப்புவேன்.

நான் ஓட்டப் பார்த்தது டிசிஎஸ் வேர்ல்ட் என்னும் போர் விமான சிமுலேட்டரில் வரும் யுஎச்-1எச். ஹ்யூயி என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். வியட்நாம் போர் பற்றிய எந்தப் படத்தை எடுத்தாலும் காட்டுக்கு மேலே வரிசையாக வருமே, அதுதான். 1956இல் முதன்முதலாகப் பறந்த வகை. இந்தச் சிமுலேட்டருக்குள் அது வந்தது 2013இல். டொரொன்டோவுக்குப் படிக்க வந்து, ஸ்கார்பரோவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் எனக்கு, பனிக்காலத்து இரவுகளில் அதுதான் துணை.

இலக்கிய இதழில் கேமைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். யதார்த்தவாதத்தை இவ்வளவு பிடிவாதமாக நம்பும் இன்னொரு வடிவத்தை நான் பார்த்ததில்லை என்பதுதான் என் பதில். சாதாரண துப்பாக்கி விளையாட்டில் குண்டு பட்டால் சுவருக்குப் பின்னால் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும், உடம்பு தேறிவிடும். இங்கே அப்படிக் கருணை எதுவும் கிடையாது. பேட்டரி சுவிட்சிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு, எஞ்சின் வெப்பமானியில் ஒரு கண் வைத்து, இயந்திரத்தை எழுப்ப வேண்டும். முன்னே நகராமல் செங்குத்தாக வேகமாக இறங்கினால், ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள் தானே மாட்டிக்கொண்டு அமிழும். பயந்துபோய்க் கலெக்டிவை இழுத்தால் இன்னும் மோசம். மூக்கைத் தாழ்த்தி முன்னால் நகர்ந்தால்தான் பிழைக்கலாம். உண்மையான விமானிக்குச் சொல்லித்தரும் அதே பாடம். காரணமில்லாமல் எதுவும் விழாது. கதைசொல்லலில் நாம் ஆசைப்படுவதும் அதைத்தானே?

என் ஹெலிகாப்டர் சுழன்றதற்கும் காரணம் இருந்தது. ஹ்யூயியின் ரோட்டர், மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அதன் எதிர்விசையில் உடல் வலப்பக்கம் திரும்பும்; வால் ரோட்டர்தான் அதைத் தடுக்க வேண்டும், அதற்குத்தான் இடது பெடல். இதுவரை எனக்குத் தெரியும். தெரியாதது வேறு. ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடியைத் திருகுவதும் பெடலை மிதிப்பதும், இரண்டுமே ஒரே கட்டளைக்கு இணைக்கப்பட்டிருந்தன. கால் ஒன்று சொல்ல, கை தன்னையறியாமல் இன்னொன்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு கட்டத்தை அழித்தேன். ஹெலிகாப்டர் எழுந்து, இடது சறுக்குச்சட்டம் சற்றே தாழ, அந்தரத்தில் நின்றது. பழுது அதில் இல்லை, என்னிடம்தான்.

அன்றிலிருந்து பழுது பார்ப்பதே எனக்குப் பிடித்துப்போனது. அதற்கென்று ஒரு ஒழுக்கம் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பறந்து பார், குறித்துக்கொள். எல்லா மாட்களையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடு. லாக் கோப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசி. இப்படி ஒரு நாவலை நான் வாசித்ததுண்டா என்று யோசித்தேன். இரண்டு அத்தியாயம் புரியாமல் ‘ஓட்டமில்லை’ என்று மூடிவைத்த புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் சிலவற்றிலாவது, கையும் காலும் வேறுவேறு கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தது நானாக இருந்திருக்கலாம்.

மாட் என்றால், விற்றவர்கள் தராத ஒன்றை விளையாடுகிறவர்களே செய்து சேர்ப்பது. புதுப் பெயின்ட், லுவா மொழியில் நான்கு வரி, சில சமயம் முழு ஹெலிகாப்டரே. டிசிஎஸ்ஸில் பறக்கும் யுஎச்-60எல் பிளாக் ஹாக் தன்னார்வலர்கள் செய்து இலவசமாகக் கொடுத்தது. எங்கோ ஒருவர் சம்பளமில்லாமல் ஆணித் தலைகளை எண்ணி, குறிப்பிட்ட ஆண்டில் குறிப்பிட்ட அணியின் வாலில் இருந்த எழுத்து எந்த அளவுக்கு வெளுத்திருந்தது என்று பழைய புகைப்படங்களில் தேடிக்கொண்டிருப்பார். சிமுலேட்டரின் மூலக்கோப்புகளைத் தொட்டுச் செய்த மாற்றம் அடுத்த அப்டேட்டில் அழிந்துபோகலாம். அதனால்தான் ஓவிஜிஎம்இ போன்ற கருவிகளை வைத்துக்கொண்டு கழற்றி மாட்டுகிறார்கள். அழிந்த கோலத்தை மறுநாள் விடிகாலையில் மறுபடி போடுகிற மனசு இது. கேலி செய்ய மாட்டேன். இயந்திரத்தின் மேல் இப்படி ஒரு பாசம் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர்கள் இவர்கள்தான்.

நானும் சேர்ந்துகொண்டேன். என் குறை சத்தத்தில் இருந்தது. விமானி இருக்கையில் எனக்குக் கேட்டதெல்லாம் டர்பைனின் கீச்சொலியும் பற்சக்கரப் பெட்டியின் ரீங்காரமும்தான். ஒலி அமைப்பில் ‘ஹெல்மெட்டுக்குள் கேட்பதுபோல்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதைப் போட்டால் அதுவும் மங்கிவிடும். ஹ்யூயி என்றால் அந்த ‘தப்… தப்… தப்’ வேண்டாமா? நெஞ்சில் இடிக்கும் அந்த அடி இல்லாமல் அது என்ன ஹ்யூயி? ஒரு ஒலி மாட் கிடைத்தது. போதவில்லை. கோப்பைத் திறந்து, ரோட்டர் அடியின் அளவை உயர்த்தி, வெளியில் கேட்க வேண்டிய ஒலியை உள்ளே கொண்டுவந்து வைத்தேன். ஸ்பீக்கரில் போட்டதும் மேசை அதிர்ந்தது. இதுதான் நிஜம் என்று நினைத்தேன்.

*

அடுத்த நாள் மாலை வீட்டுக்கார அண்ணன் படியிறங்கி வந்தார். ஃபர்னஸ் பார்க்க வந்ததாகச் சொன்னார். கதவருகிலேயே நின்றார்.

“தம்பி, உது பெல் தானே?”

“இல்லண்ணே, ஹ்யூயி. வியட்நாம்ல வந்தது. சத்தம் ஜாஸ்தியா இருக்கா? குறைச்சிடறேன்.”

“ரெண்டும் ஒண்டுதான்.” திரையைப் பார்த்தார். “நீங்கள் இப்ப உள்ளுக்கையோ இருக்கிறியள்?”

“ஆமாண்ணே, பைலட் சீட்ல.”

“அப்ப உந்தச் சத்தம் பிழை. உது முன்னுக்குக் கீழ நிக்கிறவனுக்குக் கேக்கிற சத்தம். வரேக்கைதான் உப்பிடி அடிக்கும். தலைக்கு மேல வந்திட்டா வேற மாதிரி.”

1987இல் அவர் வடமராட்சியில் இருந்தார், பதினான்கு வயது. இலங்கை விமானப்படை அப்போது இயந்திரத் துப்பாக்கி பொருத்திய பெல் 212களைப் பயன்படுத்திவந்தது. “அடிக்கிற சத்தம் இருக்குமட்டும் எங்களைப் பார்த்து வருதெண்டு அர்த்தம். சத்தம் மாறினா தாண்டிட்டுது. அதுக்குப் பிறகுதான் பங்கருக்குள்ள இருந்து தலையை வெளியில நீட்டுவம்.” ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஃபர்னஸைப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

இரவெல்லாம் தேடி வாசித்தேன். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. பெல் 212, ஹ்யூயியின் இரட்டை எஞ்சின் வாரிசு. இரண்டுக்கும் இரண்டே இறக்கை, 48 அடி விட்டம். ஹ்யூயியின் ரோட்டர் நிமிடத்துக்கு 324 சுற்று சுற்றும்போது ஒருவர் காதில் நொடிக்கு ஏறத்தாழ 11 அடி விழும். இறக்கை நுனியின் வேகம் நொடிக்கு 250 மீட்டரை ஒட்டியது. ஹெலிகாப்டர் 100 நாட் வேகத்தில் முன்னேறினால், முன்னோக்கி வீசும் இறக்கையின் நுனி நொடிக்கு 300 மீட்டரைத் தொடும். ஒலியின் வேகத்துக்கு வெகு அருகில். அங்கே காற்று நசுங்கி எழுப்பும் அதிர்வு பெரும்பாலும் முன்புறமாகவே பாய்கிறது. இறங்கி வரும்போது ஒரு இறக்கை கிளப்பிய சுழலை அடுத்த இறக்கை வெட்டுவதாலும் அந்த அறைச் சத்தம் வரும். அது முன்னும் கீழுமாகப் போகும். இருக்கையில் இருப்பவர் அதிர்வை உடம்பில் உணர்வார், டர்பைனையும் பற்சக்கரத்தையும் கேட்பார். ஊரறிந்த அந்த ‘தப் தப்’ மட்டும் அது யாரை நோக்கி வருகிறதோ அவருக்கே முழுசாகக் கேட்கும்.

நான் செய்த காரியம் இப்போது புரிந்தது. தரையில் நின்றவரின் காதைக் கொண்டுவந்து விமானியின் தலையில் ஒட்டியிருந்தேன். அந்தக் காதும் நிஜத்தில் கேட்ட காதில்லை. 1979இல் வந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தின் தொடக்கத்தில் வரும் ஹெலிகாப்டர் ஒலியைச் சிந்தசைசரில் உருவாக்கினார்கள். ஹ்யூயியைக் கண்ணால்கூடப் பார்க்காத என் தலைமுறை அதன் சத்தத்தை இப்படிச் சினிமாவில் படித்துக்கொண்டது. படித்ததைச் சிமுலேட்டரில் காணோம் என்றதும் ‘யதார்த்தம் போதவில்லை’ என்று கோப்பைத் திருத்தியும்விட்டேன்.

சிமுலேட்டரின் யதார்த்தத்தை இதற்குப் பிறகு வேறு மாதிரிதான் பார்க்க முடிந்தது. இயந்திரத்தின் தோலுக்கு உள்ளே அது அப்பழுக்கில்லாதது. தோலுக்கு வெளியே ஊர்கள் இருக்கின்றன, ஓட்டுக் கூரைகள் இருக்கின்றன, சாலையில் கார் ஓட விடுவதற்குக்கூட ஒரு தேர்வு உண்டு. வாசலில் ஆள் இல்லை. கொடியில் துணி இல்லை. கதவோரம் உட்கார்ந்திருக்கும் கணினித் துப்பாக்கிவீரருக்கு மூன்று கட்டளை கொடுக்கலாம்: சுடாதே, அவர்கள் சுட்டால் சுடு, தாராளமாகச் சுடு. மூன்றாவது கட்டளையின் பயங்கரம் புரிய வேண்டுமானால் கீழே யாராவது வேண்டும். யாருமில்லாத ஊரில் அது சும்மா ஒரு பொத்தான்.

இதைக் கேம் விற்கிறவர்களின் குற்றமென்று சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் சிறுகதைகளிலும் இது நடக்கிறது. தறிக்கூடத்தின் ஒவ்வொரு உதிரிப்பாகமும் பெயரோடு வரும். தறிக்காரரின் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், பிறகு வரவே மாட்டாள். ‘என்ன ஒரு நுட்பமான யதார்த்தம்’ என்று நாமும் பாராட்டிவிடுவோம். விவரம் எத்தனை என்று எண்ணுகிறோமே தவிர, அதெல்லாம் எந்த இடத்திலிருந்து பார்த்தது, கேட்டது என்று கேட்பதில்லை.

அப்படியானால் சிமுலேட்டருக்குள் பொதுமக்களை வைக்க வேண்டுமா? அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வைத்தால் அவர்களைச் சுடுவதற்கென்றே ஒருவன் வருவான். தரையில் இருக்கும் காதும் ஒன்றே ஒன்றில்லை. வியட்நாமில் காயம்பட்டுக் கிடந்த அமெரிக்கச் சிப்பாய்க்கு இதே ‘தப் தப்’ உயிர் வந்ததுபோல இருந்திருக்கும்; ‘டஸ்ட் ஆஃப்’ என்ற அழைப்புப் பெயரோடு அவர்களை அள்ளிக்கொண்டுபோன ஹெலிகாப்டர்களும் ஹ்யூயிதான். மாட் செய்கிறவர்களில் சிலர், காயம்பட்டவர்களையும் விழுந்த விமானிகளையும் தேடி ஏற்றிவரும் பணிகளை எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அதில் பறக்கும்போது என் கவனம் தானாகவே மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கீழே ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் இறங்கும் விதமே வேறு. யதார்த்தம் கூடுவதற்கு ஆணி எண்ணிக்கை கூட வேண்டியதில்லை என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

என் ஒலிக் கோப்பை மறுபடி திறந்தேன். உள்ளே கொண்டுவந்து வைத்த அடியை எடுத்து வெளியே வைத்தேன். விமானி இருக்கையில் இப்போது அந்தச் சுகம் இல்லை; கீச்சொலிதான். பிறகு எஃப்3ஐ அழுத்தினேன். அந்தப் பார்வையில் கேமரா ஒரே இடத்தில் நிற்கும், ஹெலிகாப்டர் அதைக் கடந்து போகும். இத்தனை மாதத்தில் என் ஹெலிகாப்டர் என்னை நோக்கி வருவதை அன்றுதான் நின்று பார்த்தேன். வரும்போது அடியும் தாண்டியபின் டர்பைனும் கேட்கும்படி செய்வதற்கு இரண்டு வாரம் பிடித்தது.

அண்ணனிடம் காட்டலாமா என்று தயங்கினேன். ஒருவரின் பதினான்கு வயதை எடுத்து ஒலிச்சோதனைக்கு வைப்பது என்ன நியாயம்? நான் கூப்பிடவில்லை. குப்பைத் தொட்டி வெளியே வைக்கிற அன்று அவரே கேட்டார்.

“உங்கட ஹெலி என்ன மாதிரி?”

“மாத்திட்டேண்ணே. ஆனா நீங்க கேக்கணும்னு இல்ல.”

“பிழையாக் கேக்கிறதிலும் பாக்கச் சரியாக் கேக்கலாம். போடுங்கோ.”

கதவருகிலேயே நின்று கேட்டார். ஹெலிகாப்டர் வந்தது, கடந்தது. இன்னொருமுறை போடச் சொன்னார்.

“கொஞ்சம் பிந்தி மாறுது,” என்றார். “தலைக்கு மேல வர முதலே மாறத் தொடங்கோணும்.”

கோப்பைத் திறந்து குறித்துக்கொண்டேன்.