பதிவேடு யாருக்காக?

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் ஊர் குத்தம்பாக்கம். வயலும் ஏரியும் இருந்த ஊரை இன்று தொழிற்சாலைகளும் மனைப்பிரிவுகளும் சூழ்ந்துவிட்டன. புறநகர்ப் பேருந்து முனையத்துக்கும் இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்தின் மருத்துவ விவரங்கள் எங்கெங்கே சிதறிக் கிடக்கும் என்று பாருங்கள். மருமகளின் மகப்பேற்று விவரம் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலும் ‘பிக்மி’ இணையதளத்திலும் இருக்கும். மாமியாரின் சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ செயலியில் இருக்கும். அம்பத்தூரிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ வேலை செய்யும் மகனுக்கு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தனிக் கணக்கு. மாமனாருக்கு நடந்த அறுவை சிகிச்சையின் விவரம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கோப்பில். காய்ச்சலுக்குத் தெருமுனை கிளினிக்கில் எழுதித் தந்த சீட்டு எந்தக் கணினியிலும் இல்லை. ஓர் இடத்தில் பதிவானது இன்னோர் இடத்துக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருப்பது பீரோவில் உள்ள பிளாஸ்டிக் பை மட்டுமே.

இந்த நிலையை மாற்ற நாடு தழுவிய மின்னணு நலவாழ்வு ஏற்பாடு ஒன்றை உருவாக்க மத்திய அரசு சில ஆண்டுகளாக முயன்றுவருகிறது. 2017இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை அதற்கு வித்திட்டது. 2018இல் நிதி ஆயோக் ஒரு கருத்துருவை வெளியிட்டது. 2019இல் ஜே.சத்தியநாராயணா தலைமையிலான குழு செயல்வரைவைத் தந்தது. 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை முயற்சி அறிவிக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 27 அன்று ‘ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்’ என்ற பெயரில் அது நாடு முழுமைக்கும் விரிந்தது. ஐந்தாண்டுகளுக்கு 1,600 கோடி ரூபாய் ஒதுக்க 2022 பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இத்திட்டத்தின் அடையாளமான 14 இலக்க ‘ஆபா’ எண்கள் 70 கோடிக்கும் மேல் உருவாக்கப்பட்டுவிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் கேட்க வேண்டிய கேள்வி எளியது: குத்தம்பாக்கத்தில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு இதனால் என்ன கிடைத்தது? இத்திட்டத்தின் வரைபடம் நன்றாக இருக்கிறது. கட்டத் தொடங்கிய இடம்தான் தவறு என்பது என் மதிப்பீடு.

வரைபடத்தின் வலிமை

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். கோடிக்கணக்கானோரின் மருத்துவ விவரங்களை டெல்லியில் ஒரே கிடங்கில் குவித்து வைக்க இத்திட்டம் முனையவில்லை. ஸ்கேன் அறிக்கை எந்த மருத்துவமனையில் உருவானதோ அங்கேயே இருக்கும். வேறொரு மருத்துவர் அதைப் பார்க்க வேண்டுமானால் நோயாளியின் ஒப்புதலைப் பெற வேண்டும். எந்த அறிக்கையை, யாருக்கு, எவ்வளவு காலத்துக்குக் காட்டலாம் என்பதை நோயாளியே முடிவு செய்யலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யலாம். 2020 டிசம்பரில் வெளியான நலவாழ்வுத் தரவு மேலாண்மைக் கொள்கை இந்த நெறிகளை எழுத்தில் வைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் தாக்கத்தை இதில் காணலாம்.

வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் ஒரே பொதுத் தரத்தில் விவரங்களைப் பரிமாற வேண்டும் என்ற விதியும் முக்கியமானது. ஒரு மருத்துவமனை ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் நிரந்தரமாகச் சிக்கிக்கொள்ளாமல் அது காக்கும். நோயாளியின் கண்ணுக்குத் தெரிந்த பயன் 2022 அக்டோபரில் வந்த க்யூ.ஆர். குறியீட்டு வசதி. பெரிய அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு வாங்க விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்பவர்களுக்கு, கைபேசியில் குறியீட்டைக் காட்டி டோக்கன் பெறுவது உண்மையான ஆறுதல். கர்ப்பிணிகளும் முதியவர்களும் நிற்கும் நேரத்தில் அரை மணி குறைந்தாலும் அது சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

தமிழ்நாடு முன்பே கற்ற பாடம்

இத்திட்டத்தை எடைபோட வெளிநாட்டு அளவுகோல் தேவையில்லை. தமிழ்நாட்டிடம் சொந்த அனுபவம் இருக்கிறது.

1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டந்தோறும் மருந்துக் கிடங்குகளை அமைத்து, அவற்றின் இருப்பைக் கணினியில் கண்காணித்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் குறித்த தொகைக்கு மருந்து எடுத்துக்கொள்ள வழிசெய்தது. கிடங்கில் இருப்பு குறையும்போது அடுத்த கொள்முதல் தொடங்கிவிடும். இங்கே எழுதிய ஒவ்வொரு வரியும், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து கொடுக்கும் ஜன்னலில் மாத்திரையாகத் திரும்பி வந்தது. அதனால்தான் அந்தக் கணக்கைச் சரியாக எழுத வேண்டும் என்ற அக்கறை எழுதியவருக்கு இருந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் தங்கள் கழகங்களை அமைத்தன.

‘பிக்மி’ 2008 முதல் இயங்குகிறது. கர்ப்பம் பதிவானதும் 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். தாய்க்குப் பணமாகவும் சான்றிதழாகவும் திரும்பி வருவதால் பதிவு பெருமளவு முழுமையாக நடக்கிறது. ரத்தசோகை உள்ளவர், முந்தைய பிரசவம் சிக்கலானவர் என ஆபத்து மிகுந்த தாய்மார்களைச் செவிலியரால் தனியே பின்தொடர முடிகிறது.

இந்த இரண்டிலிருந்தும் கிடைக்கும் அளவுகோல் இது: எழுதுகிறவருக்கும் எழுதப்படுகிறவருக்கும் பயனாகத் திரும்பி வரும் பதிவேடுதான் நிலைக்கும். மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப மட்டுமே எழுதப்படுகிற பதிவேட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கும். சிகிச்சைக்கு அது உதவாது.

எண்ணிக்கையின் பின்னால் ஓடுவது

தேசியத் திட்டத்தின் முதல் குறை இங்கே தெரிகிறது. அதன் வெற்றி எத்தனை கோடி ஆபா எண்கள் என்றே பேசப்படுகிறது. 2021இல் தடுப்பூசிக்காக ஆதாரைக் காட்டிய பலருக்கு, அவர்கள் கேட்காமலேயே நலவாழ்வு எண் உருவாக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. விருப்பத்தின் பேரில் மட்டுமே என்று சொல்லப்பட்ட ஒரு திட்டத்துக்கு அது நல்ல தொடக்கம் இல்லை. 2023 ஜனவரியில் வந்த ஊக்கத்தொகைத் திட்டம், பதிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மருத்துவமனைகளுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் 4 கோடி ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. எண்ணிக்கைக்குப் பணம் தந்தால் எண்ணிக்கை பெருகும். ஓ.பி. டோக்கனும் ஒரு பதிவுதான், மாரடைப்பு நோயாளியின் முழு சிகிச்சைச் சுருக்கமும் ஒரு பதிவுதான் என்றால், எளிதான முதலாவதே குவியும்.

சீர்திருத்தத்துக்குத் தேவைப்படுவது வேறு வகைத் தரவு. உலக வங்கியின் 28.7 கோடி டாலர் கடனுதவியுடன் 2019இல் தமிழ்நாடு சுகாதாரச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. நீரிழிவும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்போரின் பங்கைக் கூட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுபோனது. பெரிய சாதனை அது. ஆனால் எத்தனை வீடுகளுக்கு மாத்திரை போனது என்பதும், எத்தனை பேருக்கு அழுத்தம் இறங்கியது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை வேண்டுமானால், ஒரே மனிதரின் அளவுகள் மாதாமாதம் ஒரே இடத்தில் சேர வேண்டும். அவர் தனியார் டாக்டரிடம் மருந்தை மாற்றிக்கொண்டதும் அதில் தெரிய வேண்டும். நாட்டில் வெளிநோயாளிகளில் பெரும்பாலோர் தனியாரிடமே போகிறார்கள். பேனாவும் சீட்டுமாக இயங்கும் சிறு கிளினிக்கை உள்ளே கொண்டுவராத வரை எந்த வரலாறும் பாதி வரலாறே.

செவிலியரின் சுமை

இரண்டாவது குறை, தரவை உண்டாக்குகிறவரின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாதது. கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போட வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பிரசவித்த வீட்டுக்குப் போக வேண்டும். அதோடு நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டும். ‘பிக்மி’ பதிவேற்றப் பணியின் சுமையை எதிர்த்து அவர்கள் போராடியிருக்கிறார்கள். அந்தக் குரல் நியாயமானது. மாநிலத்தின் செயலி ஒன்று, மத்திய அரசின் தளம் இன்னொன்று, காசநோய்க்கு வேறொன்று என்று அதே பெயரையும் முகவரியையும் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்கிற நேரம், நோயாளியிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரம்.

இங்கிலாந்து இதற்குப் பெரிய விலை கொடுத்தது. 2002இல் தொடங்கிய அந்நாட்டின் தேசிய மருத்துவக் கணினித் திட்டம், மருத்துவர்களையும் செவிலியர்களையும் போதிய அளவு கலந்துகொள்ளாமல் மேலிருந்து திணிக்கப்பட்டதாகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகி, 2011இல் கலைக்கப்பட்டது. அதற்குள் பல நூறு கோடி பவுண்டுகள் செலவாகிவிட்டன. நம் அரசமைப்பில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ‘பிக்மி’ போல மாநிலங்கள் வளர்த்தெடுத்த ஏற்பாடுகளைத் தேசியத் திட்டம் இணைத்துக்கொள்ள வேண்டும். அவற்றின் மேல் இன்னோர் அடுக்காக ஏறி உட்காரக் கூடாது.

ஒப்புதல் யாருடையது?

மூன்றாவது குறை ஆழமானது. ஒப்புதல் என்பது பெரும்பாலும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. ஆகிவிட்டது. பல வீடுகளில் ஒரு கைபேசிதான். அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். கருக்கலைப்பு, மனநலச் சிகிச்சை, காசநோய், எச்.ஐ.வி. போன்றவற்றில் ஒரு பெண்ணின் விவரம் வீட்டுக்குள்ளேயே வெளிப்பட்டுவிட்டால் அவள் வாழ்க்கையே மாறிப்போகலாம். ஆபத்தை வெளியே மட்டும் தேடும் திட்டம் இதைக் காண்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளில் வேலை செய்யும் ஒடிசா தொழிலாளர்களின் நிலையும் இப்படித்தான். ஊர் ஊராகப் போகும் அவர்களுக்குத்தான் கூடவே வரும் மருத்துவ வரலாறு மிகத் தேவை. ஒப்புதல் திரையில் எழுதியிருப்பதைப் படித்து விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவாக இருப்பதும் அவர்களுக்கே.

சட்டமும் போதவில்லை. மருத்துவத் தரவுக்கென்றே 2018இல் ஒரு சட்ட வரைவு வந்தது; அது சட்டமாகவில்லை. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவ விவரத்தைத் தனிக் கவனம் வேண்டிய வகையாகப் பிரிக்கவில்லை. விதிமீறலுக்கான அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். பாதிக்கப்பட்ட நோயாளிக்கு இழப்பீடு அச்சட்டத்தில் இல்லை. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டபோது, நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையே பல நாள்கள் காகிதத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அங்கே நடந்தது ஒரு வட்டார மருத்துவமனையில் நடந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை வேண்டும்.

எஸ்தோனியாவில் 2008 முதல் தேசிய மருத்துவப் பதிவு இயங்குகிறது. தன் பதிவை யார், எப்போது பார்த்தார்கள் என்பதை அங்கே ஒவ்வொரு குடிமகனும் அறியலாம். அது 14 லட்சம் பேர் கூட இல்லாத சிறு நாடு. அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனால் பார்த்தவரின் பெயரைப் பார்க்கப்பட்டவருக்குக் காட்டும் அந்த ஒரு நெறி, மக்கள்தொகையின் அளவைப் பொறுத்ததில்லை.

செய்ய வேண்டியவை

இத்திட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பையை நம்பி இன்னொரு தலைமுறை வாழக் கூடாது. தொடங்கும் முனையை மாற்ற வேண்டும். ஆபா எண்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, துணை சுகாதார நிலையத்தில் எழுதிய ஓர் அளவு, பரிந்துரைத்து அனுப்பிய மருத்துவமனையில் டாக்டரின் கண்ணில் பட்டதா என்பதை எண்ண வேண்டும். ஒரு முறை பதிவு செய்த விவரத்தைச் செவிலியர் இரண்டாம் முறை தட்டச்சு செய்ய நேர்ந்தால், அதைத் திட்டத்தின் தோல்வியாகக் கணக்கில் எழுத வேண்டும். ஈ.எஸ்.ஐ., காப்பீட்டுத் திட்டம், சிறு கிளினிக்குகள் ஆகியவற்றை இணைப்பதற்கே ஊக்கத்தொகை போக வேண்டும். கைபேசி இல்லாதவரும் காகித அட்டையைக் காட்டிச் சமமான சிகிச்சை பெறுவதைச் சட்டம் உறுதி செய்ய வேண்டும். இழப்பீட்டு உரிமையையும் அதில் சேர்க்க வேண்டும்.

ஒப்புதலைப் பொறுத்தவரை குத்தம்பாக்கமே ஒரு வழியைக் காட்டுகிறது. 1996இல் ஊராட்சித் தலைவரான ரங்கசாமி இளங்கோ, கிராம சபையில் மக்களைக் கூட்டி ஊர்ப் பணிகளைத் திட்டமிட்டதால்தான் அந்த ஊர் நாடறிந்த பெயரானது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நம் மருத்துவ விவரம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், மறுக்க என்ன வழி என்பதைச் சுகாதார அலுவலர்கள் அங்கே வந்து தமிழில் விளக்கட்டும். மக்கள் கேள்வி கேட்கட்டும். தனி மனிதரின் ஒப்புதலுக்கு அது மாற்றாகாது, ஆனால் அந்த ஒப்புதலுக்குப் பொருள் தரும். நோயாளிக்கு விளங்காத, செவிலியருக்கு உதவாத எந்த மின்னணுப் பதிவேடும் சீர்திருத்தம் ஆகாது. அடுத்த கிராம சபையில் இந்தக் கேள்விகளை நாமே எழுப்புவோம்.