மரகதம் ஒரு சாக்கு

புதையல் வேட்டைப் படங்களில் புதையலைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை கிடையாது. ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கி 1984இல் வந்த ‘ரொமான்சிங் தி ஸ்டோன்’ படத்தையே எடுத்துக்கொள்ளலாம். கடத்தப்பட்ட சகோதரியை மீட்க நியூயார்க்கிலிருந்து கொலம்பியா போகும் காதல் நாவலாசிரியை ஜோன் வைல்டர் (கேத்லீன் டர்னர்), நடுக்காட்டில் ஜாக் கோல்டனை (மைக்கேல் டக்ளஸ்) நம்ப வேண்டியதாகிறது. ஹைஹீல்ஸோடு தடுமாறும் அவளுடைய காலணிக் குதிகளை அவன் வெட்டுக்கத்தியால் நறுக்கித் தள்ளுகிறான். பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் வராத நெருக்கம் அந்த வெட்டில் வந்துவிடுகிறது. சொகுசு போயிற்று, இனி இவனோடு நடந்தே தீரவேண்டும்.

முடிவுதான் முன்பே தெரியுமே என்பார்கள். தெரியட்டும். புதையலான மரகதத்தை விழுங்கிய முதலையின் வாலைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஜோன் வில்லனிடம் சிக்கியிருப்பதையும் பார்த்துத் தவிக்கிறானே ஜாக், அந்தத் தவிப்புக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். வாலை விட்டுவிட்டு அவன் ஏறி வருவதற்குள் அவளே வில்லனைத் தீர்த்துவிடுகிறாள். திரைக்கதை எழுதிய டயேன் தாமஸின் குறும்பு! கொலம்பியாவைக் கொள்ளையர் காடாக்கிவிட்டார்கள் என்ற புகாருக்கு மட்டும் பதில் கிடையாது. பெரும்பகுதியை மெக்சிகோவில் எடுத்த படம் வேறு. ஆனாலும், துப்பாக்கியோடு கதவைத் திறக்கும் போதைப்பொருள் கடத்தல்காரன் ஜோனின் பெயரைக் கேட்டதும் பரம ரசிகனாகக் குழைகிற இடத்தில் சிரிக்காமல் இருக்க முடிவதில்லை.