கிணறும் கதையுலகமும்

மிகைபுனைவு எழுதும் நண்பர்கள் சிலர் தங்கள் நாவல்களை அச்சுக்கு முன் எனக்கு அனுப்புவதுண்டு. வரைபடம், அரச வம்சாவளி, போர்களின் காலவரிசை எல்லாம் கச்சிதமாக இருக்கும். அந்த நாட்டில் உப்பு எங்கிருந்து வருகிறது, பிணத்தை யார் தூக்குகிறார்கள் என்று கேட்டால் பதில் இராது. மென்பொருளில் ஒரு விதியை மாற்றினால் வேறு எங்கெல்லாம் உடையும் என்று தேடுவது என் பிழைப்பு. இவற்றையும் அந்தக் கண்ணோடுதான் வாசிக்கிறேன்.

இவ்விடயத்தில் நான் திரும்பத் திரும்பப் போவது உர்சுலா லெ குவினிடம். மானுடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகள். 1968இல் வெளியான 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' நாவலின் தீவுக்கூட்டத்தில், ஒன்றின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அதன்மேல் அதிகாரம் உண்டு. இந்த ஒரு விதியிலிருந்து ஒரு சமூகமே முளைக்கிறது. ஊரார் அழைக்க ஒரு பெயர், மறைத்துவைக்க ஒரு பெயர். மெய்ப்பெயரைச் சொல்வதே நட்பின் உச்சம். அலுவலகத்தில் சுருக்கிய பெயரோடும் வீட்டில் முழுப்பெயரோடும் வாழும் நமக்கு இது அந்நியமல்ல.

ஆனால் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. முதல் மூன்று நாவல்களில் அது இயற்கைபோலவே கிடக்கிறது. 1990இல் 'டெஹானு'வில் லெ குவின் அதைக் கேள்வியாக்குகிறார். பேராற்றல் கொண்டிருந்த கெட், அதை இழந்து ஆடு மேய்க்கிறான். கடலோடிவிட்டு வீடு திரும்பும் டெனாரின் மகனோ, பாத்திரம் கழுவுவது பெண்கள் வேலை என்கிறான். தொடரைக் கெடுத்துவிட்டார் என்று குறைப்பட்டவர்கள் உண்டு. எனக்கோ அந்த உலகம் அங்கேதான் முழுதாக நம்பும்படி ஆனது.

2001இல் வந்த 'தி அதர் விண்ட்' இன்னும் ஒரு படி போகிறது. முன்பு காட்டுமிராண்டிகளாகத் தெரிந்த கார்கு மக்கள் பெயரை மறைப்பதில்லை, மறுபிறப்பை நம்புகிறவர்கள். தீவுக்கூட்டத்தவர் இறந்தபின் போய்ச் சேரும் வறண்ட நிலமோ, சாவை வெல்ல நினைத்த பழைய மந்திரவாதிகளின் பேராசையால் வந்தது என்று தெரியவருகிறது. இதுவரை உலக நியதி என்று நாம் வாசித்தது, ஒரு தரப்பின் ஏற்பாடு.

ஆகவே ஒரு வழக்கத்தைப் படைக்கும்போது, அதனால் ஆதாயம் பெறுபவரையும் விலை கொடுப்பவரையும் அதை ஏற்காதவரையும் சேர்த்தே படைக்கவேண்டும் என்பேன்.

புலம்பெயர்ந்த நமக்கு இது நாவலோடு முடிவதில்லை. பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் ஊரும் ஒரு கதையுலகம்தான். அதில் தேர் உண்டு, பனங்கூடல் உண்டு, முற்றத்து மாமரம் உண்டு. எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளக்கூடாது என்பது மட்டும் இல்லை. அப்படிப்பட்ட ஊரைப் பிள்ளைகள் ஒரு வயதுக்குமேல் நம்புவதில்லை. கிணற்றையும் சேர்த்துச் சொன்னால், அவர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்கவாவது செய்வார்கள்.