வேர்ட் 6: ஒரு மொழிபெயர்ப்பு விமரிசனம்

எழுதுகிறவனுக்குத் தன் பேனாவைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. கம்ப்யூட்டரில் எழுதுகிறவனுக்கு அதில் ஓடும் வேர்டைப் பற்றியும் இருக்கத்தான் செய்யும். 1994-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி ஆப்பிளின் மெக்கிண்டோஷ் யந்திரத்துக்காக வெளியிட்ட வேர்ட் 6-ஐ, மோசமான மொழிபெயர்ப்பு நாவலை விமரிசிப்பதுபோல் விமரிசிக்கலாம் என்பது என் கட்சி.

மெக்கிண்டோஷில் வேர்ட் புதுக் குடித்தனம் அல்ல. 1985-லேயே வந்துவிட்டது, விண்டோஸுக்கு 1989-ல்தான் வந்தது. 1992-ல் வந்த 5.1 பதிப்பை மெக்கிண்டோஷ்காரர்கள் கொண்டாடினார்கள். மூடிவிட்ட நல்ல ஹோட்டலைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் பிற்பாடும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

இரண்டுக்கும் தனித்தனியே எழுதுவானேன், ஒரே மூலத்திலிருந்து இரண்டையும் செய்துவிடலாமே என்று கம்பெனிக்குத் தோன்றியது. யோசனையில் தவறில்லை. விண்டோஸ்காரனுக்குக் கிடைக்கும் வசதி தங்களுக்கும் வேண்டும் என்று மெக்கிண்டோஷ்காரர்களே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் உள்ளே சரக்கு ஒன்று என்பதால் முகமும் ஒன்றாகவே இருக்கலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

இது அற்ப விஷயமா? மெக்கிண்டோஷில் மெனு திரையின் உச்சியில் ஒரே இடத்தில் நிற்கும். விண்டோஸிலோ ஒவ்வொரு ஜன்னலும் தன் மெனுவைத் தானே சுமந்துகொண்டு வரும். 'சரி' என்ற பொத்தான் முன்னதில் 'ரத்து'க்கு வலப்புறம், பின்னதில் இடப்புறம். எல்லாம் கை பல வருஷம் பழகின இடங்கள். எழுதுகிறவன் கண் வாக்கியத்தில் இருக்கவேண்டும். பொத்தானைத் தேடப் புறப்பட்டால் வாக்கியம் தொலைந்துபோகும். (தொலைந்த வாக்கியத்தின் அழகைப் பற்றி எந்த எழுத்தாளன் சொன்னாலும் பாதிதான் நம்பவேண்டும்!)

வேர்ட் 6 மெதுவாகவும் நடந்தது. அதை வேகமான யந்திரம் வாங்கிச் சரிக்கட்டலாம். 'இது நம் ஊர்ப் பேச்சாக இல்லையே' என்ற மனக்குறைக்கு அது மருந்தாகாது. ருஷ்ய நாவலைத் தமிழில் கொண்டுவருகிறவன் கதையை மாற்றக்கூடாது. ஆனால் வாக்கியம் தமிழாக இருக்கவேண்டாமா?

1997-ல் மைக்ரோஸாப்ட் மெக்கிண்டோஷுக்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. மறுவருஷம் வெளிவந்த வேர்ட் 98 உள்ளே விண்டோஸ் பதிப்பின் உறவுதான். பொதுச் சரக்கைத் தூக்கி எறியவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வெளிப் பழக்கங்கள்தாம் மெக்கிண்டோஷுக்குத் திரும்பின. அதை நிறுவுவதற்குக்கூடக் கேள்விமேல் கேள்வி கிடையாது. தகட்டிலிருந்து ஒரு கோப்புறையை இழுத்து உள்ளே விட்டால் போதும். மெக்கிண்டோஷ்காரன் எதையும் அப்படித்தானே நகர்த்துவான்.