பின்கள வீரரின் தலை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் பின்களத்துக்கு ஆள் பிடிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். உயரமான பொடியனாக இருக்க வேண்டும், பயமில்லாதவனாக இருக்க வேண்டும். எவ்வளவு வேகமாகப் பந்து வந்தாலும் கண்ணை மூடாமல் தலையால் முட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். பயிற்சியில் அவனுக்கென்றே தனிவேலை உண்டு. மைதானத்தின் நடுவில் நின்று ஒருவர் பந்தை உயர்த்தி அடித்துக்கொண்டே இருப்பார். இவன் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையால் வெளியேற்றுவான். இருபது, முப்பது என்று எண்ணிக்கை ஏற ஏற, அவன் தேறிவிட்டான் என்று எல்லோரும் மகிழ்வார்கள்.

இந்தப் பழக்கத்தைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறேன். இது ஆங்கிலேயர் ஆட்டத்திலிருந்து நமக்கு வந்தது. வானத்தில் வரும் பந்தையெல்லாம் தனதாக்கிக்கொள்ளும் நெடிய நடுப் பின்களக்காரன் என்ற உருவமும் அவர்கள் வார்த்ததுதான். அந்த உருவத்தின் விலை என்ன என்று அவர்கள் இப்போது கணக்குப் பார்த்து, சிறுவர்களுக்கு அதைக் கற்பிப்பதை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு நம் மைதானங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

முதலில் அதன் சிறப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையான சிறப்பு. ஜாக் சார்ல்டனை எடுத்துக்கொள்வோம். நிலக்கரிச் சுரங்க ஊரான ஆஷிங்டனில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். 1952 முதல் 1973 வரை லீட்ஸ் யுனைட்டட் என்ற ஒரே கழகத்துக்கு விளையாடினார். லீக் போட்டிகள் மட்டும் 629. இங்கிலாந்து உலகக் கிண்ணம் வென்ற 1966இல் நடுப் பின்களத்தில் நின்றவர்களில் அவரும் ஒருவர். எதிரணியின் உயரப் பந்துகளைத் தலையால் தடுத்ததோடு அவர் நிற்கவில்லை. தன் அணிக்கு கோர்னர் கிடைத்தால் முன்னே போய் எதிரணிக் கோல் காப்பாளரின் முகத்துக்கு நேரே நின்றுகொள்வார். காப்பாளர் தடுமாறுவார், கோல் விழும். சுரங்கத்துக்குள் போக வேண்டியிருந்த ஒருவருக்கு இருபது ஆண்டுகால வாழ்க்கையைத் தந்ததில் அந்தத் தலைக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் மைதானங்களில் இந்தத் திறமைக்கு இன்னும் கூடுதலான நியாயம் உண்டு. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மணல் தரை, மேற்கே படுவான்கரையில் அறுவடை முடிந்து வெடித்த வயல் தரை. பந்து நிலத்தில் நேராக உருளாது. அதனால் ஆட்டம் தானாகவே வானத்துக்கு ஏறிவிடுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உயர அடித்த பந்து எங்கே இறங்கும் என்று கணிப்பதே ஒரு கலை. ஓடி வந்து, சரியான கணத்தில் எழும்பி, நெற்றியின் நடுவால் பந்தைச் சந்தித்து, நாற்பது யார் தூரம் அனுப்பும் வீரனைப் பார்க்க எனக்கும் பிடிக்கும். அதில் துணிவும் கணிப்பும் ஒன்றாக இருக்கின்றன. தலையால் ஆடுவதை முழுமையாகத் தடை செய்துவிடலாம் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. அது இல்லாத உதைபந்தாட்டம் வேறொரு ஆட்டமாகிவிடும்.

ஆனால் 1966 இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் பின்களத்தில் நின்ற நால்வரைப் பாருங்கள்: ஜோர்ஜ் கோஹென், ஜாக் சார்ல்டன், பொபி மூர், ரே வில்சன். மூர் 51 வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். எஞ்சிய மூவரில் வில்சனும் சார்ல்டனும் முதுமையில் மறதிநோயால் பாதிக்கப்பட்டார்கள். அதே அணியில் அவர்களுக்கு முன்னால் ஆடிய நொபி ஸ்டைல்ஸ், மார்ட்டின் பீட்டர்ஸ், பொபி சார்ல்டன் ஆகியோருக்கும் அதே நோய் வந்தது. இதைத் தற்செயல் என்று சொல்லலாம். பதினொரு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது.

எண்ணிக்கை பெரிதானபோதுதான் படம் தெளிந்தது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களின் பதிவேடுகளை எடுத்தது. அதே வயதும் அதே சமூகப் பின்னணியும் கொண்ட 23,000 பொதுமக்களோடு அவற்றை ஒப்பிட்டது. 2019இல் முடிவு வெளியானது. மூளை நலிவு நோய்களால் வீரர்கள் இறக்கும் சாத்தியம் மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு. 2021இல் வந்த தொடர் ஆய்வு, யார் எந்த இடத்தில் ஆடினார் என்று பிரித்துப் பார்த்தது. கோல் காப்பாளர்களின் நிலை பொதுமக்களின் நிலையிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. பின்கள வீரர்களுக்கோ ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர்களுக்கும் அப்படியே. ஒரே கழகம், ஒரே உடை, ஒரே மருத்துவர், ஒரே உணவு. கையால் பந்தைப் பிடிப்பவருக்குப் பெரிய வேறுபாடில்லை, தலையால் தடுப்பவருக்கு ஐந்து மடங்கு. இந்த ஆய்வைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனம் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு மறுப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காலத்துத் தோல்பந்து மழைநீரைக் குடித்துக் கனத்துவிடும், இன்றைய பந்து அப்படியல்ல என்பார்கள். நியாயமான பேச்சுப்போலத்தான் தெரிகிறது. ஆனால் காய்ந்த நிலையில் அன்றும் இன்றும் பந்தின் எடை ஏறக்குறைய ஒன்றே: 410 முதல் 450 கிராம். இன்றைய பந்து நீரைக் குடிக்காது, ஆனால் வேகமாக வரும். 1910களில் பிறந்த வீரர்கள் முதல் 1960களில் பிறந்தவர்கள் வரை ஆபத்து குறைந்ததற்கான அடையாளமும் அந்த ஆய்வில் இல்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: யார் எத்தனை முறை பந்தை முட்டினார் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை, எனவே முட்டியதுதான் காரணம் என்று அறுதியிட முடியாது. பின்கள வீரர்கள் ஒருவரோடொருவர் மோதுவதும் அதிகம்தான். சுவீடனில் 6,000 உயர்மட்ட வீரர்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில் ஆபத்து ஒன்றரை மடங்கு என்றே வந்தது. ஆனால் அங்கும் கோல் காப்பாளர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை.

விளையாட்டின் பக்கம் நிற்கும் ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. அதே கிளாஸ்கோ ஆய்வின்படி, முன்னாள் வீரர்கள் இருதய நோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் இறப்பது மற்றவர்களைவிடக் குறைவு. சராசரியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். ஓடியாடிய உடல் நீண்ட நாள் இருந்திருக்கிறது. ஆகவே பிள்ளையை மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று எந்தத் தாயிடமும் நான் சொல்ல மாட்டேன். மைதானத்தில் அவனிடம் என்ன செய்யச் சொல்கிறோம் என்பதே கேள்வி.

இங்கிலாந்து இதற்கு விடை தேடிய விதத்தில் நல்லதும் குறையும் கலந்திருக்கிறது. வெஸ்ட் புரொம்விச் அல்பியன் கழகத்தின் முன்கள வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தார். அவருடைய மரணத்துக்குத் தொழில்சார் நோயே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அந்த ஆண்டே தீர்ப்புச் சொன்னார். அதன்பின் பெரிய ஆய்வு ஒன்று வெளிவரப் பதினேழு ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்கு மன்னிப்பே இல்லை. 2020இல் ஆரம்பப் பாடசாலை வயதுச் சிறுவர்களுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவது நிறுத்தப்பட்டது. அதற்கு மேற்பட்டவர்களுக்குப் படிப்படியாக மட்டும் அனுமதி. 2024இலிருந்து பதினொரு வயதுக்குட்பட்டோர் போட்டிகளிலும் அது கட்டம் கட்டமாக விலக்கப்பட்டு வருகிறது. இது தெளிவான, நல்ல முடிவு. பெரியவர்களுக்கு வந்த விதிதான் தளர்வானது. நீண்ட தூரப் பந்து, பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போடும் பந்து, கோர்னர் போன்ற வேகமானவற்றைப் பயிற்சியில் வாரத்துக்குப் பத்துக்கு மேல் முட்ட வேண்டாம் என்று 2021இல் சொன்னார்கள். பத்து என்ற அந்த எண் மருத்துவம் கண்டுபிடித்த எல்லையல்ல. போட்டி நாளில் அது செல்லாது. கண்காணிப்பதோ கழகத்தின் கையில்.

இந்தக் குறைகளோடும் பிரித்தானியரிடம் ஒன்று இருக்கிறது. வீரரின் பெயர், ஆடிய இடம், ஆடிய ஆண்டுகள், மருந்துச்சீட்டு, மரணச் சான்றிதழ் எல்லாம் பதிவில் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிவந்தது. வாவிக் கரையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்த ஊர்க் கழகத்துக்கு யார் பின்களத்தில் ‘பெக்’ நின்றார் என்று எந்த ஏட்டிலும் இல்லை. யுத்தம் தின்ற ஆண்டுகள், சுனாமி கொண்டுபோன கட்டிடங்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் பேரப்பிள்ளையின் பெயரை மறந்தால், அறளை பெயர்ந்துவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். அவர் ஒரு காலத்தில் பின்களத்தில் ஆடினாரா என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இங்கே பாதிப்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்பது வெளியே வரப்போவதில்லை. ஆதாரம் கிடைக்கட்டும், அதன்பின் மாற்றிக்கொள்வோம் என்று காத்திருக்க நமக்கு வழியில்லை. எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிச் சொன்னதை எடுத்துக்கொள்வதுதான் முறை.

இங்கே நிலைமை சில வகைகளில் மோசமும்கூட. பன்னிரண்டு வயதுப் பொடியன் ஆள் பற்றாமையால் பெரியவர்களோடு சேர்ந்து ஆடுகிறான். பெரிய ஆள் அடித்த பந்து அவன் தலையில் விழுகிறது. மாரிக்காலத்தில், மேலுறை பிய்ந்து தையல் விட்ட பந்து தண்ணீரை உறிஞ்சிக் கனக்கிறது, புதியது வாங்கக் கழகத்திடம் காசில்லை. தலையில் அடிபட்டு விழுந்தவனின் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி மீண்டும் இறக்கிவிடுவதை வீரம் என்று கைதட்டுகிறோம். மத்தியஸ்தர் அவனை வெளியேற்ற முயன்றால் கூச்சல் எழுகிறது.

பின்கள வீரரை வேறு வகையில் வளர்க்க முடியாதா? முடியும் என்பதற்கு இங்கிலாந்திலேயே சான்று உண்டு. பொபி மூர் உயரப் பந்தில் பெயர் வாங்கியவரல்லர், வேகமாக ஓடுபவருமல்லர். பந்து எங்கே போகும் என்பதை மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொள்வதுதான் அவர் பலம். 2022இல் மன்செஸ்டர் யுனைட்டட் வாங்கிய லிசாண்ட்ரோ மார்ட்டினஸின் உயரம் 175 சென்ரிமீற்றர். நடுப் பின்களத்துக்கு இந்த உயரம் போதாது என்று ஏளனம் செய்தார்கள். அதே ஆண்டின் முடிவில் அவர் ஆர்ஜென்டீனாவின் உலகக் கிண்ண அணியில் இருந்தார்.

மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி ஹரோல்ட் வெபர் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு விளையாட்டைக் கற்பிக்கத் தன் வாழ்நாளைத் தந்தார். நகரின் மைதானம் அவர் பெயரைத் தாங்குகிறது. இன்று பயிற்சி தருபவர்களும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து, தங்கள் மாலை நேரத்தைக் கொடுப்பவர்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களிடம் கேட்பது சிலவே. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முட்டும் பயிற்சி வேண்டாம். அந்த நேரத்தில் நிற்கும் இடத்தையும், பந்தை இடைமறிப்பதையும், நெஞ்சால் இறக்குவதையும் கற்பிக்கலாம். பதின்மூன்று, பதினான்கில் காற்றுக் குறைத்த இலகு பந்தை அருகிலிருந்து எறிந்து, நெற்றியால் சந்திக்கும் முறையை மெல்லத் தொடங்கலாம். கழுத்துத் தசையை வலுவாக்கும் பயிற்சியைச் சேர்க்கலாம். அடிபட்டவன் அன்று மீண்டும் இறங்கக் கூடாது. ஒவ்வொரு கழகமும் ஒரு கொப்பி வாங்கி, யார் எந்த ஆண்டு எந்த இடத்தில் ஆடினார், எப்போது தலையில் அடிபட்டார் என்று எழுதி வைக்கலாம். இவற்றில் எதற்கும் கொழும்பின் அனுமதி தேவையில்லை. அந்தக் கொப்பியை அடுத்த பருவத்தின் முதல் பயிற்சியிலேயே திறந்துவிடலாம்.