எழுதப்படாத தீர்ப்புரை: கேகாலை தந்த இரு வழக்குகள்

மேன்முறையீட்டு நீதிமன்றங்களின் தீர்ப்புரைகள் வழக்காளியின் வெற்றி தோல்வியை அறிவிப்பதோடு அமைவன அல்ல. முடிவுக்கான நியாயத்தை எழுத்தில் வெளிப்படுத்தி, அதனைப் பின்வருவோரின் ஆய்வுக்கு உட்படுத்துவதே அவற்றின் தலையாய பணி எனலாம். கண்டிக்கு மேற்கே அமைந்த கேகாலை மாவட்டத்திலிருந்து எழுந்த இரு வழக்குகள் இதனை நன்கு புலப்படுத்துகின்றன.

முதலாவது, ருவன்வெல்ல வாக்காளர் இடாப்பில் இடம் மறுக்கப்பட்ட கொடக்கன்பிள்ளையின் வழக்கு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் செல்லுபடியாகும் என 1953இல் பிரிவிக் கவுன்சில் முடிவு செய்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரை அம்முடிவு பாரதூரமாகப் பாதித்தது. எனினும், அரசியல் யாப்பை நேரடியாக மீறாத சட்டமொன்று மறைமுகமாக அதே விளைவை ஏற்படுத்தக்கூடும் என்பதை அத்தீர்ப்புரையே ஒப்புக்கொண்டது. ஆகவே, அது வகுத்த அளவுகோலைக் கொண்டே அதன் முடிவை நாம் குறைகாண முடிகின்றது.

இரண்டாவது, கோடீஸ்வரன் வழக்கு. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராகப் பணியாற்றிய அவருக்கு, சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்று 1962இல் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என மாவட்ட நீதிமன்றம் 1964இல் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளம் கோரி முடிக்கு எதிராக வழக்கிட முடியாது என்று கூறி, யாப்பு வினாவைத் தொடாது விட்டது. 1969இல் பிரிவிக் கவுன்சில் அவ்வாதத்தை நிராகரித்தது. ஆயினும் உயர் நீதிமன்றத்தின் கருத்தை அறியாது யாப்பு வினாவுட் புக விரும்பாமல், வழக்கைத் திருப்பியனுப்பியது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972ஆம் ஆண்டு யாப்போடு 29ஆம் பிரிவும் மறைந்தது. எதிர்பார்க்கப்பட்ட கருத்து எழுதப்படவேயில்லை.

தேவையின்றி யாப்பு வினாக்களைத் தீர்க்கலாகாது என்பது நீதித்துறையின் நெடுங்கால மரபு. அம்மரபின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால், கீழ் நீதிமன்றம் நியாயம் காட்டித் தீர்த்த வினாவை மேல் நீதிமன்றம் மௌனத்தாற் கடந்து செல்லுமாயின் அம்மௌனம் நடுநிலை ஆகாது. சட்டத்தின் பயன் அரசுக்கே கிட்டுகின்றது, அதன் சுமை ஊழியர் தோளிலேயே தங்கிவிடுகின்றது. 1953ஆம் ஆண்டுத் தீர்ப்புரையோடு நாம் இன்றும் வாதிட முடியும். 1967இல் எழுதாது விடப்பட்டதோடு வாதிட எவராலும் முடியாது.