பாடிட்டே இரு, அப்புறம் பாத்துக்கலாம்

ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளின் 7-ஆம் பதிப்பில் வந்திருக்கும் ஸ்வைப் காம்ப்பிங்கைப் பற்றி என் வீட்டில் இனி யாரும் ஒரு வார்த்தை கேட்கத் தயாராக இல்லை. பேச்சை எடுத்தாலே மனைவி எழுந்து போய்விடுகிறாள். கீழ்வீட்டு மிருதங்க வாத்தியார் மட்டும் சில நாள் பொறுமையாகத் தலையாட்டினார். அவரும் இப்போது மாடிப்படியில் என்னைக் கண்டால் கைபேசியைக் காதில் வைத்துக்கொள்கிறார். சரி, எழுதியே தீர்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே பாட்டை நாலைந்து தடவை பாடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு டேக். திரையில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும்; ஒவ்வோர் அடுக்கும் ஒரு லேன். முதல் டேக்கில் பல்லவி எடுப்பு பிரமாதமாக இருக்கும், இரண்டாம் வரியில் ஸ்ருதி கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாவதில் அந்த வரி அற்புதம், ஆனால் கடைசியில் தம் போதாமல் குரல் கரைந்திருக்கும். எந்த டேக்கில் எந்த இடம் நன்றாக இருக்கிறதோ அதன்மேல் மவுஸை இழுத்தால் போதும். அந்தத் துண்டு காம்ப் லேனில், அதாவது தேர்ந்தெடுத்த துண்டுகள் சேர்ந்து முழுப் பாட்டாகும் லேனில், போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த சொல்லுக்கு வேறு டேக், அதற்கடுத்ததற்கு இன்னொன்று. சேரும் இடங்களில் ஒரு துண்டு மங்க மங்க மற்றது எழும்படி சின்ன க்ராஸ்ஃபேட். பிடிக்கவில்லையா, இன்னொரு லேனில் இழுங்கள், மாறிவிடும். பாடியது எதுவும் அழிவதில்லை என்பதுதான் இதில் எனக்கு ஆனந்தக் கூத்தாடத் தோன்றும் இடம்.

பாட்டுக் கேட்கும் வினாம்ப் மென்பொருளை எழுதிய அதே ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனத்தார்தான் ரீப்பரையும் செய்கிறார்கள். 7-ஆம் பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. அறுபது நாள் எல்லா வசதியோடும் சும்மாவே பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்துப்போனால் தனிநபர் உரிமம் 60 டாலர். இதே வேலைக்கான லாஜிக் மென்பொருளை வைத்திருப்பவர்கள் "இது எங்களிடம் எப்போதோ வந்துவிட்டதே" என்பார்கள். உண்மைதான். ஏபிள்டன் லைவிலும் 2021-இல் வந்துவிட்டது. ரீப்பரிலேயே முன்பும் டேக்குகளை வெட்டிவெட்டித் தேர்ந்தெடுக்க வழி இருந்தது. ஆனால் அப்போது வெட்டுவதிலேயே பாதி மனம் போய்விடும். இப்போது காது மட்டும் வேலை செய்தால் போதும். வெண்டைக்காய் நுனியை ஒடித்து ஒடித்துப் பொறுக்குவதில் ஒரு லயிப்பு உண்டே, அதுதான்.

என் தங்கை நன்றாகப் பாடுவாள், ரெக்கார்டிங் என்றால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்ளும். திரையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் கல்யாணக் கச்சேரிகளில் கூசாமல் பாடுகிறவள் பள்ளிக்கூட மேடையேறிய பிள்ளைபோல் ஆகிவிடுவாள். ஒவ்வொரு பிசிறுக்கும் ஹெட்ஃபோனைக் கழற்றி, "அண்ணா, கேவலமா இருக்கு, முதல்லேருந்து போலாமா?" என்பாள். முதல்லேருந்து, முதல்லேருந்து என்றே குரல் களைத்துவிடும். இப்போது சரணத்தை மட்டும் குறித்து லூப்பில் ஓடவிடுகிறேன். சுற்று முடிந்ததும் தானாக அடுத்த லேனில் அடுத்த டேக் தொடங்கிவிடும். நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "நிறுத்தாதே, பாடிட்டே இரு, அப்புறம் பாத்துக்கலாம்." இரண்டாவது சுற்றில் தோள் இறங்கும். மூன்றாவதில் விளக்கை மறந்துவிடுவாள். நாலாவதில் ஏதோ ஒரு சங்கதி, அவள் யோசித்தே இராத ஒன்று, தானாக வந்து விழும். அந்த டேக்கிலேயே அடுத்த வரியில் தாளம் தப்பியிருக்கும், இருக்கட்டுமே! அந்த ஒரு சங்கதி எனக்கு வேண்டும், எடுத்துக்கொள்வேன்.

எங்கே ஒட்டினால் ஒட்டுத் தெரியாது என்பதில்தான் சூட்சுமம். தமிழ்ப் பாட்டுக்கு இதில் பெரிய கொடுப்பினை இருக்கிறது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. 'பட்டு', 'பக்கம்', 'முத்து' என்று வல்லினம் இரட்டிக்கும் இடங்களின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றெழுத்தில் வாய் அடைத்துக்கொள்வதால் நடுவில் ஒரு பொட்டு மௌனம் இருக்கும். அங்கே வெட்டி வேறு டேக்கை ஒட்டினால் தொல்காப்பியரே வந்து கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லின் முதலில் வரும் க, த, ப-வுக்கு முன்னாலும் அப்படியே. ம, ன, ல, ர, ழ எல்லாம் வேறு ரகம். குரல் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் இடங்கள் அவை. நடுவே வெட்டினால் எத்தனை க்ராஸ்ஃபேட் போட்டாலும் ஒரு நெருடல் கேட்கும். கமகத்தின் நடுவே கத்தி வைக்கவே கூடாது. ஒரு அசைவு தொடங்கினால் அது முடியும்வரை ஒரே டேக்தான்.

மூச்சும் அப்படித்தான். வரிக்கு முன்னால் இழுக்கும் மூச்சு அந்த வரியின் சொத்து. அதை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்தால் பாடுகிறவர் மூச்சே விடாத யந்திரம்போல் கேட்கும். பழைய மூச்சும் புதிய மூச்சும் இரண்டும் மாட்டிக்கொண்டால் ஆஸ்துமாக்காரர் பாடுவதுபோல் இருக்கும். அதனால் நான் எப்போதும் மூச்சுக்கு முன்னால்தான் வெட்டுகிறேன். இன்னொன்று, எல்லா டேக்கும் ஒரே அமர்வில், மைக்கிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். காலைக் குரலையும் ராத்திரிக் குரலையும் ஒட்டினால் ஒரே பாட்டில் அக்காவும் தங்கையும் மாறி மாறிப் பாடுவார்கள்.

"இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று வாத்தியார் ஒருமுறை கேட்டார். பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'தி வால்' (1979) இசைத்தட்டில் 'கம்ஃபர்டப்ளி நம்' என்ற பாட்டின் கடைசி கிதார் சோலோவைப் பற்றி அதை வாசித்த டேவிட் கில்மோர் பேட்டியில் சொல்லியிருப்பதை அவருக்கு விளக்கினேன். ஐந்தாறு தடவை வாசித்துவிட்டு, ஒவ்வொன்றையும் கேட்டு, நல்ல இடங்களுக்குத் தாளில் டிக் போட்டு, பிறகு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களில் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றி அந்த சோலோவைக் கோத்தார்கள். உலகமே கண்மூடிக் கேட்கும் சோலோ அது.

பியானோ மேதை க்ளென் கூல்டு இன்னும் ஒரு படி மேலே. 1964-இல் மேடைக் கச்சேரியையே விட்டுவிட்டு ஸ்டுடியோவே கதி என்று போனவர். இசைமேதை பாக்கின் ஏ மைனர் ஃபியூக் ஒன்றை வாசித்ததில் ஆறாவது டேக்கும் எட்டாவது டேக்கும் தேறின. ஆறு கம்பீரம், எட்டு துள்ளல். முழுக்கக் கேட்டால் இரண்டுமே ஒரே சுவையில் அலுத்தன. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறு, நடுப்பகுதிக்கு எட்டு என்று நாடாவை வெட்டி ஒட்டினார். தனித்தனியே எந்த டேக்கிலும் இல்லாத ஒரு வாசிப்பு பிறந்தது. 1966-இல் எழுதிய கட்டுரையில் அவரே இதைப் பெருமையோடு சொல்கிறார். அவர்கள் பிளேடும் நாடாவும் ஃபேடருமாகப் பட்ட பாட்டை நான் லுங்கியோடு உட்கார்ந்து ஒரு மவுஸில் செய்கிறேன் என்று நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. நம்மூரிலோ முன்பெல்லாம் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக வாசித்தே சினிமாப் பாட்டுப் பதிவானது. கோஷ்டியில் ஒருவர் தவறினால் எல்லோரும் மறுபடியும் முதலிலிருந்து. அந்தப் பாட்டுகளின் அழகு தனி, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதற்றத்தை என் தங்கைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?

எதற்கும் அளவு உண்டு. டேக் கூடக்கூடத் தேர்வு நரகம். எனக்கு நாலைந்துக்கு மேல் போனால் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கத் தொடங்கிவிடும். மெட்ரோனோம் இல்லாமல் தன்போக்கில் பாடும் விருத்தத்துக்கும் ஒப்பாரிக்கும் இது உதவாது, டேக்குகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தா. அவற்றை முழுசாக விட்டுவிடுவதே மரியாதை. சொல்லுக்குச் சொல் மாற்றித் தைத்தால் ஸ்ருதி சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. ஒரு நல்ல டேக்கை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, இடறும் இடங்களில் மட்டும் வேறு டேக்கிலிருந்து கடன் வாங்குவதே என் கட்சி.

ஒரே பாட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காம்ப் செய்து வைத்துக்கொள்ளவும் ரீப்பர் விடுகிறது. போன வாரம் பாடிய பாட்டுக்கு நான் ஒன்று செய்தேன். தங்கை என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தானே ஒன்று செய்தாள். என்னுடையதில் அந்த நாலாவது டேக் சங்கதி இருக்கிறது. அவள் அதைத் தூக்கிவிட்டு, முதல் டேக்கில் சாதுவாகப் பாடியதை வைத்திருக்கிறாள். "அது நான் பாடின மாதிரியே இல்லண்ணா" என்கிறாள். அதனால்தானே வேண்டும் என்கிறேன்! சண்டை இன்னும் ஓயவில்லை. மனைவியை நடுவராக இருக்கச் சொன்னோம்; காம்ப் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.